கேட்கும் நெறி

(அறுபத்துமூவர் திருவிழா நாளன்று திருக்கோயில் மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



இன்று மாலை நாயன்மார் அறுபத்துமூவரும் எம்பெருமானுக்கு முன்னே கைகுவித்து எழுந்தருளிய காட்சியைக் கண்டு கண்கள் குளிர்ந்தோம். வடக்கு வீதித் திருப்பத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு அருகில் ஒரு தந்தை தம் மகனைத் தோள்மீது இருத்திக் காட்டிக்கொண்டிருந்தார். சாக்கிய நாயனார் எழுந்தருளிய சப்பரம் எங்களைக் கடந்தது. அந்தச் சிறுவன் உரத்த குரலில் கேட்டான்: "அப்பா, அந்தச் சாமி கையில் ஏன் கல் வைத்திருக்கிறார்? யாரை அடிக்கப் போகிறார்?" தந்தைக்கு நாணம் வந்துவிட்டது. "சாமியைப் பார்த்து அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. பேசாமல் கும்பிடு" என்று அதட்டினார். சிறுவன் கும்பிட்டான். ஆனால் அவன் முகம் வாடிவிட்டது. சப்பரம் தெருமுனையைத் தாண்டும் வரையில் அவன் திரும்பித் திரும்பி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வேறொரு பொருளைப் பேசுவதாக எண்ணி வந்தவன். அந்தச் சிறுவன் என் பொருளை மாற்றிவிட்டான். அவன் கேட்டதில் தவறு என்ன? அறியாததைக் கேட்டான், அறிய விரும்பிக் கேட்டான். அவனுக்கு விடை கிடைத்திருந்தால், இன்றிரவு அவன் உள்ளத்தில் சாக்கிய நாயனார் குடிபுகுந்திருப்பார். விடை கிடைக்காததால் கல் மட்டும் புகுந்துவிட்டது.

நம் சமயத்தைப் பற்றி நம் வீட்டுப் பிள்ளை கேட்பதே நமக்கு இவ்வளவு கூச்சத்தைத் தருமானால், பிற சமயத்தாரிடம் அவர்கள் சமயத்தைப் பற்றிக் கேட்பது எவ்வளவு கூச்சமாக இருக்கும்! ஒரே தெருவில் வாழ்கிறோம். ஒரே கடையில் அரிசி வாங்குகிறோம். ஒரே பேருந்தில் செல்கிறோம். அண்டை வீட்டார் எதை நம்பி வாழ்கிறார், எதை நம்பிச் சாகிறார் என்பதை மட்டும் அறியாமலே ஆயுளைக் கழிக்கிறோம். கேட்டால் புண்படுவாரோ என்று அஞ்சிச் சிலர் கேட்பதில்லை. புண்படுத்துவதற்கென்றே சிலர் கேட்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நெறி உண்டு. அந்நெறியை நம் அருளாளர் வரலாறுகளிலிருந்தே இன்று சிந்திப்போமாக.

முதலில் அந்தச் சிறுவனுக்கு விடை சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டத்தில் எங்கேனும் அவன் இருந்தால் கேட்டுக்கொள்ளட்டும்.

சாக்கிய நாயனார் திருச்சங்கமங்கையில் வேளாளர் குலத்தில் தோன்றியவர். பிறவித் துன்பத்திலிருந்து விடுபடும் வழியை நாடிக் காஞ்சி மாநகரம் சென்றார். அங்கே புத்த சமயத்தை மேற்கொண்டார். அச்சமய நூல்களை ஆராய்ந்தார். பின்பு சிவநெறியே தமக்குரிய நெறி என்று தெளிந்தார். ஆனால் மேற்கொண்ட துவராடையை அவர் களையவில்லை. எந்தக் கோலத்தில் நின்றாலும் சிவபெருமான் திருவடியை மறவாமையே வேண்டுவது என்று துணிந்து, அக்கோலத்தோடே வாழ்ந்தார். ஒருநாள் வெட்டவெளியில் ஒரு சிவலிங்கத்தைக் கண்டார். அன்பின் பெருக்கினால் செய்வது இன்னதென்று அறியாமல், அருகில் கிடந்த கல்லை எடுத்து அதன்மீது எறிந்தார். மறுநாள் அதனை நினைத்துப் பார்த்து, இந்த எண்ணத்தை உண்டாக்கியதும் அவன் திருவருளே என்று உணர்ந்தார். அன்றுமுதல் நாள்தோறும் உண்பதற்கு முன் ஒரு கல் எறிவதையே வழிபாடாகக் கொண்டார். ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்ததும் உணவை விட்டு எழுந்து ஓடினார், கல்லெடுத்து எறிந்தார். எம்பெருமான் உமையம்மையோடு காட்சியளித்து அவரை ஆட்கொண்டருளினான்.

அன்பர்களே, அந்த வெட்டவெளியில் வழிப்போக்கர் ஒருவர் நின்றிருந்தால் அவர் கண்டது என்ன? துவராடை அணிந்த ஒருவர் சிவலிங்கத்தின்மீது கல்லெறிகிறார். அவ்வளவுதான். சைவர் ஒருவர் கண்டிருந்தால் கோலெடுத்து ஓடி வந்திருப்பார். பௌத்தர் ஒருவர் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். இருவருமே பிழைபட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரிந்தது கல், தெரியாதது அன்பு. அந்த அன்பை அறிய வேண்டுமானால், அருகே சென்று, "ஐயா, தாங்கள் செய்வது எனக்கு விளங்கவில்லை; விளக்குவீர்களா?" என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. பிறர் வழிபாட்டைப் புறத்தே நின்று காணும் நாம் ஒவ்வொருவரும் அந்த வழிப்போக்கரே.

இனி, கேட்பவன் நிலையைச் சிந்திப்போம்.

நம் சந்தான குரவர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்ட தேவர் இளம் பருவத்திலேயே மாணவர்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார். சகலாகம பண்டிதர் என்னும் பெரும்பெயர் பெற்றவர் அதனைக் கேள்வியுற்றார். அவர் மெய்கண்டாரின் தந்தைக்குக் குலகுரு. ஆகமங்களையெல்லாம் கரைகண்டவர், வயதில் முதியவர். "ஒரு பிள்ளையா உபதேசம் செய்வது?" என்னும் எண்ணத்தோடு அங்கே சென்றார். மெய்கண்டார் அப்போது ஆணவ மலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். பண்டிதர் நின்றபடியே, "ஆணவத்தின் சொரூபம் யாது?" என்று கேட்டார். மெய்கண்டார் வாய்திறந்து விடை சொல்லவில்லை. கேட்டவரை அடி முதல் முடிவரை பார்த்தார். நீர் நிற்கும் இந்த நிலையே ஆணவத்தின் சொரூபம் என்பது அப்பார்வையின் பொருள். பண்டிதர் அதனை உணர்ந்தார். அந்தப் பிள்ளையின் திருவடியில் வீழ்ந்தார். அருணந்தி சிவாசாரியராக எழுந்தார்.

அவர் கேட்ட வினாவில் ஒரு சொல்லும் பிழையில்லை. எந்தச் சித்தாந்த மாணவனும் கேட்கக்கூடிய வினா அது. ஆயினும் அது வினாவாக இருக்கவில்லை. வினாவின் வேடம் பூண்டு வந்த செருக்காக இருந்தது. சொற்கள் ஒன்றாயினும் நிற்கும் நிலை வேறானால் கேள்வி வேறாகிவிடுகிறது. இதனை நாம் மறவாதிருக்க வேண்டும். புண்படுத்தாமல் கேட்பது எப்படி என்று சொற்களைத் தேடுவதற்கு முன், நாம் எப்படி நின்று கேட்கிறோம் என்று நம்மை அடி முதல் முடிவரை பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே அருணந்தியார் பின்னர் இருபா இருபஃது என்னும் நூலை இயற்றினார். அந்நூல் முழுவதும் தம் குருவை நோக்கி அவர் எழுப்பிய வினாக்களால் நிறைந்தது. நின்றபடி கேட்டவர், பணிந்து கேட்கக் கற்றுக்கொண்டார். அவரே சிவஞான சித்தியார் என்னும் பெருநூலையும் அருளினார். அதன் முதற்பகுதியாகிய பரபக்கத்தில், உலகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு கொள்கைகளை எடுத்து ஆராய்கிறார். ஒவ்வொன்றையும் மறுப்பதற்கு முன், அக்கொள்கையுடையார் கூற்றை அவர்கள் கூறும் முறையிலேயே எடுத்துரைக்கிறார். அதன் பின்னரே மறுப்பு வருகிறது. பிறர் கூறுவதை இவ்வளவு நிறைவாக எடுத்துரைக்க வேண்டுமானால், எத்தனை நூல்களை அவர் பொறுமையாகக் கற்றிருக்க வேண்டும்! உடன்படாத கொள்கையையும் திரிக்காமல் சொல்வது சைவ ஆசாரியர் நமக்குக் காட்டிய நேர்மை. அவர் மறுத்ததை மட்டும் நாம் கற்றுக்கொண்டு, மறுப்பதற்கு முன் அவர் செவிமடுத்ததை விட்டுவிடலாகாது.

தில்லையில் நிகழ்ந்ததாக நம் முன்னோர் கூறும் வரலாற்றையும் நினைத்துப் பாருங்கள். ஈழத்திலிருந்து வந்த பௌத்தர்கள் மாணிக்கவாசகப் பெருமானோடு வாதிட்டார்கள். அவர்களோடு வந்த ஈழவேந்தனின் ஊமை மகள் அடிகளின் அருளால் பேசினாள். அவர்கள் எழுப்பிய வினாக்களுக்கு அவளே விடையிறுத்தாள். அதுவே திருச்சாழல் என்னும் இருபது பாடல்களாயிற்று என்பர். அதில் ஒருத்தி கேட்கிறாள். மற்றொருத்தி விடை சொல்கிறாள். உங்கள் இறைவன் நீறு பூசுவது ஏன், பாம்பை அணிவது ஏன், உடை இப்படி இருப்பது ஏன் என்பன போன்ற வினாக்கள். நமக்குச் சினமூட்டக்கூடிய வினாக்கள்தாம். ஆயினும் அவை எங்கே இருக்கின்றன? திருவாசகத்துக்குள் இருக்கின்றன. நாம் அவற்றை இறைவன் திருமுன்னே ஓதுகிறோம். பிறர் கேட்ட வினாவை அழித்துவிட்டு விடையை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லை. கேள்விக்கு அஞ்சாத சமயம் நம்முடையது. கேள்விக்கு அஞ்சாதவர்களே பிறரிடமும் அச்சமின்றி, அன்போடு கேட்க முடியும்.

இதுவரை பெரியோர் வரலாறுகளைக் கூறினேன். இனி ஒரு சிறியோன் வரலாற்றைக் கூறுகிறேன். அச்சிறியோன் உங்கள் முன் நிற்கும் அடியேனே.

நான் இளமையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாகப் பணியாற்றினேன். அங்கே எனக்கு இசுலாமிய நண்பர் ஒருவர் இருந்தார், கணக்காசிரியர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். என் தந்தையார் மறைந்தபோது, சுடலை வரை வந்து, எல்லாம் முடியும் மட்டும் ஓரமாக நின்று, என்னை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தவர். அப்படிப்பட்ட நண்பரிடம் ஒரு ரமலான் மாதத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். கடுமையான கோடைக்காலம். நண்பகல் இடைவேளையில் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் காபி வந்தது. அவர் வேண்டாம் என்று கையசைத்தார். உதடுகள் உலர்ந்திருந்தன. நான் எல்லாரும் கேட்கும்படி, "ஏன் ஐயா, உங்களைப் பட்டினி போடுவதில் உங்கள் ஆண்டவனுக்கு என்ன இலாபம்?" என்றேன். அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்றார். "அவனுக்கு ஒன்றுமில்லை, ஐயா" என்றார். சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டு, மணி அடிப்பதற்கு முன்பே வகுப்புக்குப் போய்விட்டார்.

அவர் என்னோடு சண்டையிடவில்லை. மறுநாளும் வணக்கம் சொன்னார். என் பிள்ளைகளின் திருமணங்களுக்கு வந்தார். ஆனால் அன்றைக்குப் பிறகு தம் சமயத்தைப் பற்றி ஒரு சொல்லும் என்னிடம் பேசவில்லை. என் சமயத்தைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் பெரிய புராணக் கதைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்பவர் அவர். அந்தக் கதவு ஓசையில்லாமல் மூடிக்கொண்டது. மூடியவன் நான் என்பதைக்கூட நான் நெடுங்காலம் அறியவில்லை.

எனக்கு அதனை அறிவித்தவர் ஒரு செவிலித்தாய். பணி ஓய்வுக்குப் பின் கண்புரை அறுவைக்காக மருத்துவமனையில் சேர்ந்தேன். அறுவைக்கு முன் முகத்தை மருந்து நீரால் துடைக்க வேண்டும். அந்தப் பணிக்கு வந்த பெண்ணின் கழுத்தில் சிலுவை இருந்தது. என் நெற்றியைப் பார்த்ததும் அவள் தயங்கி நின்றாள். "ஐயா, திருநீற்றை எடுக்க வேண்டியிருக்கிறது. நான் துடைக்கலாமா? அல்லது நீங்களே எடுப்பதுதான் முறையா? எடுத்த துணியை எங்கே வைக்க வேண்டும்?" என்று கேட்டாள். நான் வியந்து போனேன். நானே எடுத்தேன். அவள் அந்தத் துணியை மடித்து என் பைக்குள் தனியாக வைத்தாள். பிறகு மெல்லிய குரலில், "இதை நாள்தோறும் இடும்போது மனத்தில் என்ன நினைப்பீர்கள்?" என்றாள்.

அன்பர்களே, அறுபது ஆண்டுகளாக நீறு பூசியவன் நான். அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. சிறிது சிந்தித்தே சொன்னேன்: "இந்த உடல் ஒருநாள் இப்படி ஆகிவிடும், அழியாதவன் ஒருவன் இருக்கிறான், அவன் அருள் இதனோடு என்மேல் படிகிறது என்று நினைக்க வேண்டும். பல நாள் நினைப்பதில்லை." அவள் சொன்னாள்: "எங்கள் கோவிலிலும் திருநீற்றுப் புதன் உண்டு, ஐயா. மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டிக் குருவானவர் எங்கள் நெற்றியில் சாம்பலால் சிலுவை வரைவார்."

கத்தோலிக்கத் தமிழர் தங்கள் தவக்காலத்தைத் தொடங்கும் நாளுக்குத் திருநீற்றுப் புதன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ் படித்துப் பட்டம் பெற்ற எனக்கு அது அன்றுவரை தெரியாது. உடனே, "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளையாக நிறுத்திக்கொண்டேன். அவர்களுக்கு அது நாற்பது நாள் தவத்தின் வாயில், மனந்திரும்புதலின் அடையாளம். நமக்கு இது நாள்தோறும் அணியும் அருட்சாதனம். சாம்பல் ஒன்றாயினும் அதனைத் தாங்கும் கருத்து வேறு. எல்லாம் ஒன்றே என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுவதும் ஒருவகையில் செவிசாய்க்க மறுப்பதே. அவர் கூற்றில் நம்முடையதைப் போன்றது எது என்று அறிவதோடு, நம்முடையதைப் போலல்லாதது எது என்றும் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும்.

கண்ணில் கட்டோடு படுத்திருந்த அன்றிரவு எனக்கு அந்த ஆசிரியர் அறை நினைவுக்கு வந்தது. என் நண்பரின் உலர்ந்த உதடுகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பெண் கேட்டதும் கேள்வி; நான் கேட்டதும் கேள்வி. அவள் என் விடையைக் கேட்டாள். நான் கூட்டத்தின் சிரிப்பைக் கேட்டேன்.

கட்டு அவிழ்த்த பின் நண்பர் வீட்டுக்குச் சென்றேன். அவர் முதுமையால் தளர்ந்திருந்தார். "பாய், பல்லாண்டுகளுக்கு முன் உங்களிடம் ஒன்று கேட்டேன். அது கேள்வியில்லை. என்னை மன்னித்துவிட்டு, இன்று அதையே மறுபடியும் கேட்க விடுவீர்களா?" என்றேன். அவருக்கு நினைவிருந்தது. நான் எந்த நாற்காலியில் அமர்ந்திருந்தேன் என்பது வரை நினைவிருந்தது. சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "தண்ணீர்க் குடம் என் அறையில்தான் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குவளை குடித்திருந்தால் உங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. குடிக்கவில்லை, அவன் பார்க்கிறான் என்பதனால். அந்த நினைவு நாள் முழுதும் இருக்கிறதே, அதுதான் இலாபம். அதனால்தான் அவனுக்கு ஒன்றுமில்லை என்றேன். உங்களுக்கு மீதியையும் சொல்லியிருப்பேன், நீங்கள் கேட்கவில்லை."

கேளுங்கள் அன்பர்களே! "நீங்கள் கேட்கவில்லை" என்றார். நான் கேட்டதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். சிவராத்திரியன்று உண்ணாமல் உறங்காமல் இருப்பவன் நான். கந்த சட்டிக்கு விரதம் இருப்பவன். நோன்பு என்னும் சொல்லே அவருக்கும் எனக்கும் பொதுவான தமிழ்ச்சொல். தொழுகை என்பதும் நம் தொழுதலே. அந்தச் சொற்களின் வழியே அவர் உள்ளத்துக்குள் எளிதாகச் சென்றிருக்கலாம். அடுத்த ரமலான் வருவதற்கு முன் அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார். எனக்கு ஒரே ஒரு மாலைப்பொழுது கிடைத்தது. எத்தனை ஆண்டுகளின் மாலைப்பொழுதுகளை ஒரு சிரிப்புக்கு விற்றேன் என்பதை நான் மட்டுமே அறிவேன்.

நம் நாட்டு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியார், தம் சமயத்தைப் பரப்பவே வந்தார். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் வந்தவர் தமிழைக் கற்றார்; சுவடிகளைத் தொகுத்தார்; 1712ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டாருக்குக் கடிதம் எழுதி, நீங்கள் எதனை வழிபடுகிறீர்கள், ஏன் வழிபடுகிறீர்கள் என்று வினவினார். நம் முன்னோர் வெகுளவில்லை, ஒளிக்கவுமில்லை. பொறுமையோடு விடை எழுதினார்கள். கிறித்தவர்களைப் பற்றித் தங்களுக்குப் பட்டதையும் எழுதினார்கள். அவற்றுள் தொண்ணூற்றொன்பது கடிதங்கள் செருமன் மொழியில் பெயர்க்கப்பட்டு அந்நாட்டில் அச்சேறின. கேட்டறிந்தவற்றைக் கொண்டு தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் ஒரு நூலும் எழுதினார். அதனை அச்சிட அவரை ஆதரித்தோர் விரும்பவில்லை. அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து, 1867இல்தான் அது சென்னையில் வெளிவந்தது. மாற்ற வந்தவரையும் கேள்வி ஓரளவு மாற்றிவிடுகிறது என்பதற்கு அந்நூலே சான்று. உண்மையாகக் கேட்பவன் கேட்கத் தொடங்கியபோது இருந்தவனாகவே திரும்புவதில்லை. அந்த அச்சம் இருப்பதனால்தான் பலர் கேட்பதே இல்லை போலும்!

இனி, நாம் கைக்கொள்ளத்தக்க முறைகள் சிலவற்றைச் சுருங்கக் கூறுகிறேன்.

முதலாவது, தனிமையில் கேளுங்கள். நாலுபேர் நடுவே கேட்கும் கேள்வி பெரும்பாலும் அந்த நாலுபேருக்காகவே கேட்கப்படுகிறது. தொழுதுகொண்டிருப்பவரையும், துயரத்தில் இருப்பவரையும், பசித்திருப்பவரையும் கேட்காதீர்கள்.

இரண்டாவது, இசைவு பெற்றுக் கேளுங்கள். "தவறாக நினைக்கவில்லையானால் ஒன்று கேட்கலாமா?" என்பது சிறிய வாக்கியம்தான். ஆனால் மறுக்கும் உரிமையை அது அவருக்கு வழங்கிவிடுகிறது. அவர் மறுத்தால் அதனைப் பெரிதுபடுத்தாமல் வேறு பேசுங்கள்.

மூன்றாவது, அவரைக் கேளுங்கள். அவர் கூட்டத்தைக் கேட்காதீர்கள். "நீங்களெல்லாம் ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்றால், எங்கோ எவரோ செய்த பிழைக்கும் அவரை விடை சொல்லச் சொல்கிறோம். "தாங்கள் இதனைச் செய்யும்போது தங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றால் அவர் தம் உள்ளத்தைத் திறப்பார். அந்தச் செவிலித்தாய் சைவர்கள் ஏன் நீறு பூசுகிறார்கள் என்று கேட்கவில்லை. நான் என்ன நினைப்பேன் என்று கேட்டாள்.

நான்காவது, நம்முடைய மேன்மையை அவர்களுடைய தாழ்வோடு வைத்து ஒப்பிடாதீர்கள். நம் நாயன்மாரை நிறுத்தி அளந்தால், அவர்களுடைய ஞானியரையே எதிரில் நிறுத்த வேண்டும். அவர்கள் தெருவில் திரியும் பொய்யனைச் சுட்டினால், நம் தெருவில் திரியும் பொய்யனையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, திருப்பிக் கேட்டால் விடை சொல்லச் சித்தமாயிருங்கள். பிறரிடம் கேட்கப் புகுபவன் தன் சமயத்தை அறிந்திருக்க வேண்டும். அறியாவிட்டால், "தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லும் துணிவாவது வேண்டும். எனக்கு அறுபது வயதில் திருநீற்றின் பொருளைச் சிந்திக்க வைத்தது ஒரு கிறித்தவப் பெண்ணின் கேள்வி என்பதை மறவாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, கேளாமல் விட வேண்டிய கேள்வியும் உண்டு. திலகவதியார் தம் தம்பி சமண சமயம் புக்கபோது பெரிதும் வருந்தினார். சூலைநோயோடு அவர் இரவில் திரும்பி வந்து காலில் விழுந்தபோது, "ஏன் போனாய்?" என்று கேட்டாரா? கேட்கவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீற்றைக் கொடுத்தார். திருவதிகைத் திருக்கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அன்று அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்திருப்பாரோ என்னவோ! நம் வீட்டுப் பிள்ளை வேறு நெறியை நாடினாலும், வேறு நெறிப் பெண் நம் வீட்டுக்கு மருமகளாக வந்தாலும், திலகவதியாரின் அந்த மௌனத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சில வேளைகளில் கேள்விக்கு விடை சொற்களால் வருவதில்லை. திருக்காளத்தியில் சிவகோசரியார், தாம் ஆகம நெறியில் பூசித்த திருமேனியின்மேல் இறைச்சியும் எலும்பும் கிடக்கக் கண்டு துடித்தார். "இதனைச் செய்தவர் யார்?" என்று இறைவனிடமே முறையிட்டார். அவர் துன்பம் உண்மையானது. அவர் பூசையும் குறைவற்றது. இறைவன் அவர் கனவில் தோன்றி, திண்ணனாரின் அன்பை எடுத்துரைத்தான். "நாளை ஒளிந்திருந்து பார்" என்றும் பணித்தான். அவ்வாறே மறைந்து நின்றார். தாம் இழித்து நினைத்த வேடர், தம் கண்ணையே அம்பினால் அகழ்ந்து அப்பும் காட்சியைக் கண்டார். வாதத்தால் அவருக்கு விளங்காதது பார்த்ததால் விளங்கியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சிவகோசரியார் தம் பூசையை விட்டுவிட வேண்டும் என்று இறைவன் கூறவில்லை. அவர் சிவகோசரியாராகவே இருந்தார். கண்ணப்பர் கண்ணப்பராகவே இருந்தார். பிறர் அன்பை அறிவதனால் நம் அன்பு குறைந்துவிடுவதில்லை. நம் நெறியில் ஊன்றி நின்றுகொண்டே, பிறர் நெறியை வணக்கத்தோடு பார்க்க முடியும்.

அன்பர்களே, நாளை காலையில் உங்கள் அண்டை வீட்டாரை, உடன் பணிபுரிவோரைச் சந்திப்பீர்கள். அவர்களுள் ஒருவரிடம், இத்தனை ஆண்டுகளாகக் கேட்காமல் விட்ட ஒன்றைப் பணிவோடு கேட்டுப் பாருங்கள். முன்பு தவறாகக் கேட்டிருந்தால், மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் கேளுங்கள். காலம் தாழ்த்தாதீர்கள். எனக்குக் கிடைத்தது ஒரு மாலைப்பொழுதே.

இன்றிரவு வீடு திரும்பும் தந்தை ஒருவர், உறங்குவதற்கு முன் தம் மகனை மடியில் இருத்தி, அந்தக் கல்லின் கதையைச் சொல்வாராக. அவன் மேலும் கேட்டால், மேலும் சொல்வாராக. எல்லா உயிர்க்கும் உயிராய் நின்று, கேட்பவர் உள்ளத்திலும் விடை சொல்பவர் உள்ளத்திலும் விளங்கும் எம்பெருமான் திருவருள் அனைவருக்கும் ஆகுக என்று வேண்டி அமைகிறேன்.

திருச்சிற்றம்பலம்.